ஒருவர் கட்டிலருகே, ஒருவர் தொலைபேசியில்: இரு தாதியரும் அவர்களின் பணிகளும்

நீங்கள் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மருத்துவமனையில் படுத்திருக்கிறீர்கள். காலையில் ஒரு தாதி வந்து கட்டிலருகே அமர்கிறார். "அம்மா, வீட்டில் உங்களுடன் யார் இருக்கிறார்கள்? மின்தூக்கி உங்கள் மாடியில் நிற்குமா? கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா?" என்று கேட்கிறார். பிற்பகலில் உங்கள் மகளின் கைத்தொலைபேசி ஒலிக்கிறது. "காப்புறுதி நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். நானும் தாதிதான். அம்மாவுக்கு முழங்கால் வலி எந்த ஆண்டு தொடங்கியது? இதற்கு முன் எந்த மருத்துவரைப் பார்த்தார்கள்?" என்று ஒரு குரல் கேட்கிறது.

இருவரும் தாதியர்தாம். நம்மில் பலர் இன்னும் "மிஸ்ஸி" என்றே அழைக்கும் அதே தொழிலைப் படித்தவர்கள். இருவரின் பதவிப் பெயரும்கூட ஒன்றாக இருக்கலாம்: "கேஸ் மேனேஜர்". ஆனால், அவர்கள் பதில் சொல்லும் கேள்விகள் வெவ்வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், உங்களுக்குத் தேவையான சிகிச்சையை வீணாகக் கைவிட மாட்டீர்கள். உங்கள் மகளோ பேரனோ தாதியாக இருந்தால், அவர்களுக்கு முன்னால் உள்ள இரண்டு பாதைகளும் உங்களுக்குப் புரியும்.

மருத்துவமனையின் ஒருங்கிணைப்புத் தாதி

வார்டில் ஊசி போடுவதும் இரத்த அழுத்தம் பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் வார்டு தாதியரின் பணி. ஒருங்கிணைப்புத் தாதி உங்கள் சிகிச்சைப் பயணம் முழுவதையும் பார்ப்பவர். மருத்துவர், இயன்முறை மருத்துவர், மருந்தாளர், மருத்துவச் சமூக சேவையாளர் ஆகியோர் தனித்தனியே சொல்வதை ஒன்றுசேர்த்து, நீங்கள் வீடு திரும்பிய பிறகும் பராமரிப்பு தொடர வழி செய்வார். சில மருத்துவமனைகளில் இவரை "பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்" என்றும், சிலவற்றில் "நோயாளி வழிகாட்டி" என்றும் அழைப்பர். பக்கவாதம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, புற்றுநோய் போன்ற ஒரே நோய்க்கென்று தனியாகப் பணியாற்றும் தாதியரும் உண்டு.

அவர் பொதுவாகச் செய்யும் வேலைகள்:

• நீங்கள் வீடு திரும்பினால் சமாளிக்க முடியுமா என்று மதிப்பிடுவார். படிகள், குளியலறை, பகலில் உடன் இருப்பவர் பற்றி அவர் கேட்பது இதற்காகத்தான்.

• உங்களைக் கவனித்துக்கொள்ளும் மகன், மகள், மருமகள் அல்லது இல்லப் பணிப்பெண்ணுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்வார். உங்களை எப்படித் தூக்கி உட்கார வைப்பது, காயத்தில் எதைக் கவனிப்பது என்று அதில் சொல்லித் தருவார்கள்.

• உடனே வீடு திரும்ப இயலாது என்றால், சமூக மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கும் ஏற்பாட்டில் உதவுவார். ஊட்ரம், ஈசூன், ஜூரோங் சமூக மருத்துவமனைகள் பெரிய மருத்துவமனைகளுக்குப் பக்கத்திலேயே உள்ளன. நடக்கவும் தானே குளிக்கவும் மீண்டும் பழகுவதற்கான இடங்கள் அவை.

• வீட்டுத் தாதிமைச் சேவை, பகல்நேர மறுவாழ்வு நிலையம், சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவார். வீவக வீட்டில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் அமைப்பதற்கான "ஈஸ்" திட்டத்தைப் பற்றியும் அவரிடம் கேட்கலாம்.

• வீடு திரும்பிய பிறகு உங்களைத் தொலைபேசியில் அழைத்து, மருந்து சாப்பிடுகிறீர்களா, மறுபரிசோதனை நாள் நினைவிருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

இவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். நம் மூத்தோர் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. தாதி கேட்கும்போது "எல்லாம் ஓகே, சமாளித்துக்கொள்வேன்" என்று தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான், இரவில் கழிப்பறைக்குப் போக ஆள் இல்லை என்பது தெரியும். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பது, நாட்டு மருந்து சாப்பிடுவது, மகன் வேலைக்குப் போனால் பகல் முழுவதும் தனியாக இருப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குக் குறையலாம். அது தாதிக்கு முன்பே தெரிந்தால், மருத்துவரிடம் பேசி மருந்து நேரத்தை மாற்ற முடியும். ஆங்கிலத்தில் பேசுவது சிரமம் என்றால், தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

காப்புறுதி நிறுவனத்தில் பணியாற்றும் தாதி

சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் 2015 நவம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு. ஏற்கெனவே இருந்த நோய்களுக்கும் அது வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு தருகிறது. அதன் கணக்குகளை மத்திய சேமநிதிக் கழகம் நிர்வகிக்கிறது. மெடிஷீல்டு லைஃப் கோரிக்கையை மருத்துவமனையே உங்கள் சார்பில் அனுப்பிவிடும்.

இதற்கு மேல், உயர்வகுப்பு வார்டுக்கோ தனியார் மருத்துவமனைக்கோ செல்ல விரும்புவோர் தனியார் நிறுவனங்களிடம் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் வாங்கியிருக்கலாம். உங்களைத் தொலைபேசியில் அழைக்கும் தாதி பெரும்பாலும் இத்தகைய நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருப்பார்.

அவர் ஊசி போடுவதில்லை, காயம் கட்டுவதில்லை. மருத்துவர் எழுதிய அறிக்கைகளையும் மருத்துவமனைக் கட்டணங்களையும் படிப்பார். அறுவை சிகிச்சைக்கு முன்பே நிறுவனத்தின் ஒப்புதல் கேட்கப்பட்டிருந்தால், அந்த விண்ணப்பத்தைப் பரிசீலிப்பார். சிகிச்சை காப்புறுதி ஒப்பந்தத்துக்குள் வருகிறதா, மருத்துவர் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறாரா, திட்டம் வாங்குவதற்கு முன்பே அந்த நோய் இருந்ததா என்று பார்ப்பார். வலி எந்த ஆண்டு தொடங்கியது என்று அவர் கேட்பது இதற்காகத்தான். வார்டில் வேலை பார்த்த அனுபவம் இருப்பதால், மருத்துவரின் குறிப்பைப் படித்துச் சரியான கேள்வி கேட்க அவரால் முடிகிறது. சில நிறுவனங்களில் இவர் பட்டியலில் உள்ள மருத்துவரைத் தேடித் தருவார், இரண்டாவது மருத்துவக் கருத்துப் பெற உதவுவார், நீண்டகால நோயாளிகளை அழைத்து நலம் விசாரிப்பார்.

இவரை எதிரியாக நினைக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், இவர் உங்கள் சிகிச்சையைத் தீர்மானிப்பவரும் அல்லர். இவர் முன்னால் இருக்கும் கேள்வி, "இந்தச் செலவை ஒப்பந்தப்படி நிறுவனம் ஏற்க வேண்டுமா?" என்பது. மருத்துவமனைத் தாதியின் முன்னால் இருக்கும் கேள்வி, "இந்த அம்மா பாதுகாப்பாக வீடு திரும்ப என்ன வேண்டும்?" என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள். ஒன்றின் பதிலை மற்றதன் பதிலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

72 வயது மூதாட்டி ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்ததாக வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனையில் தங்கியதற்கும் காப்புறுதி நிறுவனம் ஒப்புதல் தந்துவிட்டது. வீடு திரும்பியதும், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்க வேண்டும் என்று குடும்பத்தார் விரும்புகிறார்கள். மகள் நிறுவனத்தை அழைத்துக் கேட்கிறார். அங்கிருந்த தாதி ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வரும் இயன்முறைச் சிகிச்சைக்கு உங்கள் திட்டத்தில் இடமில்லை" என்கிறார்.

மகள் அம்மாவிடம் சொல்கிறார்: "அது கிடையாதாம்மா." அம்மாவின் காதில் விழுவதோ, "அது வேண்டாமாம்." பயிற்சி நின்றுபோகிறது. வலிக்கிறதே என்று அவர் காலை நீட்டி மடக்காமல் சோபாவிலேயே அமர்ந்திருக்கிறார்.

மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு வரும் முதல் சில வாரங்கள் மிக முக்கியமானவை. அப்போது பயிற்சி செய்யாவிட்டால் மூட்டு இறுகிவிடும். பிறகு அதை மடக்குவது கடினம். சில நேரங்களில் மீண்டும் மருத்துவமனைக்கே போக நேரிடும்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. காப்புறுதித் தாதி ஒப்பந்தத்தைப் பற்றிச் சரியாகத்தான் சொன்னார். பயிற்சி தேவையில்லை என்று அவர் சொல்லவே இல்லை. அதே நாளில் மகள் மருத்துவமனையின் ஒருங்கிணைப்புத் தாதியை அழைத்து, "வீட்டுக்கு வருபவருக்கு எங்களால் பணம் கட்ட முடியாது. வேறு என்ன வழி?" என்று கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். அருகிலுள்ள பகல்நேர மறுவாழ்வு நிலையம், மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவு, வீட்டிலேயே தானாகச் செய்யக்கூடிய பயிற்சி அட்டை என்று பல வழிகள் உண்டு. பகல்நேர மறுவாழ்வுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசாங்க உதவித்தொகையும் கிடைக்கலாம்.

ஆகவே, இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள்: "காப்புறுதி தராது" என்றால் "சிகிச்சை வேண்டாம்" என்று பொருளில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. மருத்துவமனைத் தாதி, "சமூக மருத்துவமனைக்குப் போனால் உங்களுக்கு நல்லது" என்று சொன்னால், அது உங்கள் உடல்நலம் பற்றிய கருத்து. கட்டணம் முழுவதையும் காப்புறுதி ஏற்கும் என்ற வாக்குறுதி அல்ல. மெடிஷீல்டு லைஃப் திட்டத்திலும் ஒருங்கிணைந்த திட்டங்களிலும் "டிடக்டிபிள்" எனப்படும் தொகையை முதலில் நீங்களே ஏற்க வேண்டும். மீதத்திலும் ஒரு பங்கு உங்களுடையது. அது "கோ-இன்ஷூரன்ஸ்". இவற்றை மெடிசேவ் கணக்கிலிருந்து வரம்புக்கு உட்பட்டுச் செலுத்தலாம். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது?

மருத்துவமனையின் ஒருங்கிணைப்புத் தாதியிடம்:

• நான் எப்போது வீடு திரும்பலாம்? அதற்கு முன் வீட்டில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

• எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்?

• பழைய மருந்துகளில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது?

• வீடு திரும்பிய பிறகு சந்தேகம் வந்தால் யாரை, எந்த எண்ணில் அழைப்பது?

காப்புறுதி நிறுவனத் தாதியிடம்:

• இந்தச் சிகிச்சைக்கு முன்ஒப்புதல் தேவையா? கிடைத்துவிட்டதா?

• என் மருத்துவர் உங்கள் பட்டியலில் இருக்கிறாரா? இல்லையென்றால் எனக்கு என்ன கூடுதல் செலவு?

• மருத்துவமனையை விட்டு வந்த பிறகு எத்தனை நாள் வரையிலான சிகிச்சைக்குக் கோரலாம்?

• எதற்கெல்லாம் ரசீது வைத்திருக்க வேண்டும்?

மருத்துவச் சமூக சேவையாளரிடம்:

• கட்டணம் கட்ட முடியவில்லை, என்ன உதவி கிடைக்கும்? மானியம், மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் ஆகியவற்றுக்குப் பிறகும் செலுத்த இயலாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் நிதி இருக்கிறது. அதற்கு அவர் மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். யார் பேசினார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். கண் சரியாகத் தெரியவில்லை என்றால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

மறுப்பு வந்தால்

காப்புறுதி நிறுவனம் ஒரு கோரிக்கையை மறுத்தால், முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் மருத்துவரிடமும் ஒருங்கிணைப்புத் தாதியிடமும் காட்டுங்கள். சில நேரங்களில் தேவையான மருத்துவ விவரம் சேர்க்கப்படாததே மறுப்புக்குக் காரணமாக இருக்கும். மருத்துவர் கூடுதல் விளக்கம் எழுதினால் முடிவு மாறலாம்.

திட்டம் வாங்குவதற்கு முன்பே இருந்த நோய் என்பதால் தனியார் நிறுவனம் மறுத்தாலும், மெடிஷீல்டு லைஃப் பகுதி அதன் சொந்த விதிகளின்படி கிடைக்கும். அதையும் சேர்த்து இழந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம்.

நிறுவனத்திடம் முறையிட்டும் தீர்வு கிடைக்காவிட்டால், "ஃபிட்ரெக்" எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தை நாடலாம். வாடிக்கையாளர்களுக்கும் காப்புறுதி நிறுவனங்கள், வங்கிகள் போன்றவற்றுக்கும் இடையே எழும் சச்சரவுகளை அது கையாள்கிறது. நிறுவனத்திடம் முதலில் எழுத்துமூலம் புகார் செய்திருப்பது அவசியம். அதனால்தான் கடிதங்களைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம்.

உங்கள் பிள்ளை தாதியாக இருந்தால்

வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய உங்கள் மகள் ஒருநாள், "அம்மா, காப்புறுதி நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது" என்று சொல்லலாம். "படித்த படிப்பு வீணாகிறதே" என்று உங்களுக்குத் தோன்றலாம். அல்லது, "இரவு வேலை இல்லையே, நல்லதுதான்" என்று தோன்றலாம். இரண்டிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது.

மருத்துவமனையில் ஒருங்கிணைப்புத் தாதியாவதற்குப் பொதுவாகப் பதிவுபெற்ற தாதியாகச் சில ஆண்டுகள் வார்டு அனுபவம் வேண்டும். பெரும்பாலும் பகல்நேர வேலைதான். ஆனால், ஒரே நாளில் பல குடும்பங்களின் கவலையைத் தாங்க வேண்டும். படுக்கை தேவை, குடும்பத்தின் தயக்கம், மருத்துவரின் முடிவு ஆகிய மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நடக்க முடியாமல் வந்தவர் கைத்தடியுடன் நடந்து போவதைப் பார்ப்பது இந்த வேலையில் கிடைக்கும் நிறைவு.

காப்புறுதி நிறுவனத்தில் அலுவலக நேரம், வார இறுதி விடுப்பு, நோயாளியைத் தூக்கும் சிரமம் இல்லை. முதுகுவலியோடு பணியாற்றிய தாதிக்கும், சிறு குழந்தைகள் உள்ள தாய்க்கும் இது பெரிய விடுதலை. தன் மருத்துவ அறிவைக் கொண்டு தவறான கட்டணங்களைக் கண்டுபிடிக்கலாம். குழம்பிப்போன குடும்பங்களுக்குத் தெளிவாக விளக்கலாம். ஆனால், நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், "இல்லை" என்று சொல்ல வேண்டிய நாள்களும் வரும். அது எல்லாருக்கும் எளிதல்ல.

முடிவெடுக்கும் முன் பிள்ளையுடன் சேர்ந்து இவற்றைப் பேசிப் பாருங்கள்:

• தாதியர் பணிச் சான்றிதழைச் சிங்கப்பூர்த் தாதியர் வாரியம் வழங்குகிறது. அலுவலக வேலைக்குப் போனாலும் அதைத் தொடர்ந்து புதுப்பிக்க முடியுமா? நீண்ட காலம் விலகியிருந்தால், திரும்பி வருவதற்கு மறுபயிற்சி தேவைப்படலாம்.

• சுகாதார அமைச்சு 2024-இல் "ஏஞ்சல்" திட்டத்தை அறிவித்தது. பொதுச் சுகாதாரத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் தகுதிபெற்ற தாதியர், 20 ஆண்டுகளில் அல்லது ஓய்வு வயது வரை, 100,000 வெள்ளி வரை பெற அது வழிசெய்கிறது. தனியார் நிறுவனத்துக்கு மாறினால் அதில் எவ்வளவு விட்டுப்போகும் என்று கணக்கிட வேண்டும்.

• சம்பளத்தை மட்டும் ஒப்பிடாமல், இரவுநேரப் படி, விடுப்பு, மருத்துவச் சலுகை, மேற்படிப்பு உதவி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தீர்களா?

• மருத்துவமனைக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையே வேறு பாதைகளும் உண்டு. சமூகத் தாதிமை, வீட்டுத் தாதிமை, பலதுறை மருந்தகப் பணி ஆகியவற்றையும் யோசித்தார்களா?

எந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தாலும் அவர்கள் தாதியர்தாம். உங்கள் ஆதரவான ஒரு சொல் அவர்களுக்குப் பெரிய பலம்.

தொலைபேசி அழைப்பு உண்மையானதா?

"காப்புறுதி நிறுவனத் தாதி பேசுகிறேன்" என்று மோசடிக்காரர்களும் சொல்ல முடியும். அதனால் நிதானமாக நடந்துகொள்ளுங்கள்.

• அழைப்பவரின் பெயர், நிறுவனம், எதற்காக அழைக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். உண்மையான தாதி இதைத் தவறாக நினைக்க மாட்டார்.

• சிங்பாஸ் மறைச்சொல், வங்கி விவரம், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண் ஆகியவற்றை யாருக்கும் சொல்லாதீர்கள். எந்தத் தாதிக்கும் அவை தேவையில்லை.

• "இப்போதே பணம் அனுப்பாவிட்டால் காப்புறுதி ரத்தாகிவிடும்" என்று அவசரப்படுத்தினால் அது மோசடியாக இருக்கலாம். ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ 24 மணி நேரமும் அழைத்துக் கேட்கலாம்.

உதவி தேவைப்பட்டால்

வீட்டுப் பராமரிப்பு, பகல்நேர நிலையங்கள், தாதிமை இல்லங்கள், பராமரிப்பாளருக்கான உதவி ஆகியவை பற்றி ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். உங்கள் வட்டாரத்தின் துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலும் வழிகாட்டுவார்கள்.

அடுத்த முறை தாதி ஒருவர் உங்களிடம் பேச வந்தாலோ அழைத்தாலோ, தயங்காமல் இந்த முதல் கேள்வியைக் கேளுங்கள்: "நீங்கள் மருத்துவமனையிலிருந்தா, காப்புறுதி நிறுவனத்திலிருந்தா?" அந்தப் பதில் தெரிந்தால், அடுத்து எதைக் கேட்பது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.